சுடாத ஆவி

நொச்சியிலையும் மஞ்சளும் கொதித்த நீரின்மேல் குனிந்து, தலையோடு சேர்த்துப் போர்த்தப்பட்ட கம்பளிக்குள் அமர்ந்திருக்கையில் முகத்தில் வந்து அறையும் வெம்மை, முதலில் கண்ணிமைகளில்தான் உறைக்கும். சற்று நேரத்தில் நெற்றியும் மேலுதடும் நனைந்து, மூக்கு நுனியில் ஒரு துளி திரண்டு தொங்கும். அத்துளி என் உடம்பின் வேர்வையா, பானையிலிருந்து எழுந்த ஆவி குளிர்ந்து நீரானதா என்று அறிவதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். நாக்கை நீட்டித் தொட்டுப் பார்ப்பேன். கரித்தால் வேர்வை, சப்பென்று இருந்தால் ஆவி. கம்பளிக்குள் அடைபட்ட குழந்தைக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? நூல்களில் இதனை "வேது பிடித்தல்" என்பர். எங்கள் லயத்தில் அது வெறும் "ஆவி புடிக்கிறது".

கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் இடைப்பட்ட ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாக அமைந்த, "லயம்" எனப்படும் தொழிலாளர் வீடுகளுள் ஒன்றில், எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் வாழ்ந்தோம். ஈரத்திற்குப் பஞ்சமே இல்லாத நிலம் அது. வைகறையில் ஆற்றின் பக்கமிருந்து எழும் பனிமூட்டம் பனைகளின் இடுப்பளவு நின்று, வெயில் ஏறிய பின்னரே மனமின்றிக் கலையும். பள்ளிச் சீருடை முழங்கையில் எப்போதும் சிறிது நசநசத்திருக்கும். தீக்குச்சி உரசினால் பற்றாது, மருந்து மட்டும் உதிரும். அடுக்களை உப்புச்சாடியின் அடியில் உப்பு தானே கரைந்து நீர்கோத்துக் கிடக்கும். அத்தகைய வீட்டிற்குள், காற்றை ஈரமாக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவி வந்து சேர்ந்தது என்று சொன்னால் கேட்பவர் சிரிக்கக்கூடும். வந்தது உண்மை. அது வந்த பிறகு எங்கள் வீட்டில் நிகழ்ந்தவற்றுக்கு இன்றளவும் என் மனம் முழு விளக்கம் தேடிக்கொண்டே இருக்கிறது.

என் தம்பி மணியத்திற்கு அப்போது நான்கு வயது. மழைக்காலம் தொடங்கினால் அவனுக்கு "இழுப்பு" வந்துவிடும். மூச்சு உள்ளே போகையில் ஓசையிருக்காது. வெளியே வருகையில்தான், கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல மெல்லிய சீழ்க்கை ஒன்று எழும். விலாவெலும்புகளுக்கு இடையே தோல் குழிந்து குழிந்து மீள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா, தன்னையறியாமல் தானும் அவ்வாறே மூச்சிழுப்பாள். கம்பளிக்குள் அவனை அமர்த்த முடியாது. அலறிக் கைகால்களை உதறுவான். ஒருமுறை அவன் உதைத்த உதையில் கொதிநீர்ப் பானை சாய்ந்து, அம்மாவின் புறங்கையில் கொப்புளம் எழுந்தது. அன்றோடு வீட்டில் ஆவி பிடிப்பது நின்று, தோட்டத்து மருந்தகத்திற்கு நடப்பது தொடங்கிற்று.

மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர், எல்லாத் தோட்டங்களிலும் வழங்கிய பெயரால் எங்களுக்கும் "டிரசர்". அவரிடம் மின்சாரத்தில் இயங்கும் ஆவிக்கலம் ஒன்று இருந்தது. ஊறுகாய்ச் சாடி போன்ற கண்ணாடிப் பாத்திரம். அதன் வாயில் கறுப்பு மூடி. மூடியிலிருந்து நீருக்குள் இறங்கும் இரண்டு உலோகத் தகடுகள். மழைநீரை ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மின்விசையைத் தட்டினால், சிறிது நேரம் முணுமுணுத்துவிட்டுக் கொதி வந்து, மூடியின் துளை வழியே வெண்ணிற ஆவி பீறிடும். கைக்கெட்டாத உயரத்தில் அதனை வைத்து, கீழே மடியில் தம்பியுடன் அம்மாவை அமர்த்துவார்.

"உப்பு எதுக்குங்கையா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"வெறும் மழைத்தண்ணில கரண்டு ஓடாதும்மா. உப்புப் பட்டாத்தான் ஓடும், ஓடினாத்தான் சூடாவும். ஆவி கம்மியா வந்திச்சின்னா இன்னும் கொஞ்சம் போடணும். அவ்ளதான் லா இதோட வித்தை."

அம்மா தலையாட்டினாள். ஒரு சொல்லையும் அவள் மறக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

அம்மா தோட்ட மேலாளரின் பங்களாவில் வீட்டுவேலை செய்துவந்தாள். மேலாளர் வேறு தோட்டத்திற்கு மாற்றலாகிப் போகும்போது, கொண்டுபோக மனமில்லாத பொருள்களைப் பங்களாவில் வேலை செய்தோருக்குக் கொடுத்துவிட்டுச் செல்வது அந்நாளைய வழக்கம். "பங்களா சாமான்" என்று பெயர் பெற்ற அப்பொருள்களால் லயத்து வீடுகள் வினோத அழகு பெற்றிருந்தன. ஒரு வீட்டில் கால் உடைந்த பியானோ முக்காலியின்மேல் சோற்றுப்பானை இருக்கும். மற்றொரு வீட்டில் மது ஊற்றும் படிகக் குடுவையில் நல்லெண்ணெய் இருக்கும். எங்களுக்கு அந்த ஆண்டு கிடைத்தது, மேலாளரின் மனைவி தம் படுக்கையறையில் வைத்திருந்த ஒரு வெண்ணிறப் பெட்டி. "புள்ளைக்கு மூச்சுத் திணறுதுன்னு சொல்வியே சரசு, இத வச்சுக்க" என்று அவர் கொடுத்தாராம். எப்படிப் பயன்படுத்துவது என்ற தாள் எதுவும் உடன் வரவில்லை. வந்திருந்தாலும் ஆங்கிலத்தில்தான் இருந்திருக்கும்.

லயத்தில் மின்சாரம், தோட்டத்து இஞ்சின் ஓடும் மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை மட்டுமே. பகலில் எண்ணெய் ஆலையின் சொந்த இஞ்சின், ஆலைக்கும் மருந்தகத்திற்கும் மட்டும் மின்சாரம் தரும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே மின்செருகி, முருகன் படத்திற்கு முன் எரியும் சிவப்புக் குமிழ்விளக்கிற்காக அப்பா தோட்டக் கங்காணியான மண்டோரிடம் கெஞ்சி இழுத்தது. ஆகவே பெட்டியும் அதே செருகியில் விளக்கோடு சேர்க்கப்பட்டு, சாமிமேடைக்கு அருகிலேயே ஒரு முக்காலியில் இடம்பெற்றது. அம்மா மழைநீரை ஊற்றினாள், டிரசர் சொன்னபடி உப்பைத் தூவினாள், பெட்டியின் குமிழைத் திருகினாள். கொதிக்கும் முணுமுணுப்பு எழவில்லை. ஆனால் பெட்டியின் வாயிலிருந்து வெண்புகை பொங்கிற்று. ஆவிக்கலத்தின் புகைபோல அது மேல்நோக்கிச் சீறவில்லை. வைகறைப் பனிமூட்டம் போல வழிந்து, முக்காலியின் விளிம்பில் தயங்கி, கீழே சரிந்தது. தம்பி பயமின்றிக் கையை நீட்டினான். நானும் நீட்டினேன். குளிர்ந்தது!

"சுடல ம்மா! சில்லுன்னு இருக்கு!"

அம்மா கையை வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிற்று. "ஆவி சூடாவலியே... உப்புப் பத்தல போலருக்கு" என்று சொல்லி, அடுக்களைக்குப் போய் ஒரு பிடி உப்போடு திரும்பினாள்.

மறுநாள் டிரசரிடம் கேட்டபோது, அத்தகைய கருவியைக் கண்டிராத அவரும், "பழைய மிஷினா இருக்கும். உப்புக் கூட்டிப் பாருங்க" என்றே சொன்னார். அம்மா கூட்டினாள். மாலைதோறும் இஞ்சின் ஓசை கேட்டதும், தம்பியைச் சாமிமேடைக்கு எதிரே பாயில் படுக்கவைத்து, குளிர்காற்று படாதிருக்கக் கதவையும் சன்னலையும் சாத்தி, பெட்டியைத் திருகிவிடுவாள். ஆவி இன்று சுடும், நாளை சுடும் என்று அவள் ஒவ்வொரு நாளும் கையை நீட்டிப் பார்த்தாள்.

அந்த வாரத்தில்தான் முருகன் படத்தில் திருநீறு தோன்றிற்று.

முதலில் கண்டவர் அடுத்த வீட்டுப் பாக்கியம் பெரியம்மா. எங்களுக்கு உறவினர் அல்லர். ஆனால் லயத்தில் அடுத்த வீடு என்பதே ஓர் உறவு. மாலையில் உப்புக்கடன் கேட்க வந்தவர், அம்மா அடுக்களையிலிருந்து வருவதற்குள் படத்தைக் கண்டு உறைந்துவிட்டார். கண்ணாடிச் சட்டத்தின் மேல், முருகனின் நெற்றியிலும் மார்பிலும் வேலின் இலைமுகத்திலும், மெல்லிய வெண்பொடி படர்ந்திருந்தது.

"அடியே சரசு! இங்க வந்து பாருடி! முருகன் வந்திருக்காருடி ஒன் வூட்டுக்கு!"

இரண்டே நாளில் செய்தி தோட்டம் முழுவதும் பரவி, பத்தாங் பெர்ஜுந்தாய்ச் சந்தைக்குப் போனவர்களோடு அங்கும் போய்ச் சேர்ந்தது. வந்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, விரல்நுனியில் தொட்டு நெற்றியிலிட்டு, மிச்சத்தை நாக்கில் வைத்தார்கள். வைத்த எல்லோரும் ஒரு கணம் விழித்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "என்னம்மா இது, கரிக்குதே" என்றார்.

பாக்கியம் பெரியம்மா விடுவாரா? "கரிக்காம? திருச்செந்தூர்ல அவரு எங்க நிக்கிறாரு, கடல்லதான? நம்மளும் கடலோரம். அப்ப கரிக்கத்தான் செய்யும்!"

அந்த விடை அனைவரையும் நிறைவுறச் செய்தது. என்னை ஏனோ நிறைவுறச் செய்யவில்லை. ஏனெனில் அதே வெண்பொடி, எங்கள் கறுப்பு ரேடியோவின் தலையிலும் இருந்தது. ஆணியில் தொங்கிய அப்பாவின் தொப்பியிலும், முகம் பார்க்கும் கண்ணாடியிலும் இருந்தது. ஆள்கள் வருமுன் பெரியம்மா ரேடியோவை முந்தானையால் துடைத்துவிடுவார். படத்தைத் துடைக்க மாட்டார். லாரி ஓட்டிக் களைத்து வரும் அப்பா, சட்டையைக் கழற்றியபடி அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஏன் பெரியக்கா, ரேடியோவுக்குப் போட்ட பட்டைய அழிச்சிட்டீங்க? பாவம், அதுவும் கந்தனுக்குப் பக்தியா பாட்டுப் பாடுனதுதான?"

"வாய மூடு தம்பி. வாய்க்கொழுப்பு ஒனக்கு!"

ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. தம்பியின் இழுப்பு குறைவதற்கு மாறாகக் கூடிற்று. முன்பு மாலையில் மட்டும் கேட்ட சீழ்க்கை, பகலிலும் கேட்கத் தொடங்கிற்று. வறட்டு இருமல் புதிதாய் வந்து சேர்ந்தது. இருமி இருமி முகம் கன்றிப்போவான். அம்மாவோ அவன் எவ்வளவு இருமினானோ அவ்வளவு நெருக்கமாக அவனைப் பெட்டியருகே நகர்த்தினாள். சாமியே வந்து நிற்கும் இடத்தைக் காட்டிலும் நோயுற்ற பிள்ளைக்கு நல்ல இடம் வேறேது என்பது அவள் எண்ணம்.

"போதும் சரசு, அந்தப் பொட்டிய நிறுத்து. கோலசிலாங்கூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்" என்றார் அப்பா.

"வெள்ளிக்கெழம பூசை முடியட்டுங்க. இத்தன பேரு வந்து கும்பிடுறாங்க. நடுவுல நிறுத்துனா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடும்."

அப்பா பெட்டியைத் தொடாமல் விலகிப் போனார். அவருக்கும் அச்சம் இருந்திருக்க வேண்டும்; எந்தப் பக்கம் அஞ்சுவது என்பதில்தான் இருவரும் வேறுபட்டார்கள்.

பள்ளி விடுமுறைக் காலம் அது. வெள்ளிக்கிழமை காலையில் தம்பி மிகவும் தளர்ந்துவிட, அம்மாவும் நானும் அவனைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்திற்குப் போனோம். டிரசர் மருந்தைக் குடிக்கவைத்து, ஆவிக்கலத்தைக் கொதிக்கவிட்டார். எனக்கு எதிரே, ஆவி போய் மோதும் இடத்தில், மருந்துப் பேழையின் கண்ணாடிக் கதவு இருந்தது. அதில் ஆவி படிந்து, துளியாகித் திரண்டு, கோடு கிழித்தபடி வழிந்தது. பழக்க தோஷம்; எழுந்துபோய் ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. மற்றொரு துளியை எடுத்தேன். அதுவும் சப்பென்று இருந்தது.

டிரசர் உப்புத் தூவியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அப்படியானால் அந்த உப்பு எங்கே போயிற்று? அவர் கலத்தை நிறுத்தி மூடியைக் கழற்றியபோது எட்டிப் பார்த்தேன். உலோகத் தகடுகளின்மேல் உப்பு வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டியிருந்தது. கொதித்த நீர் மேலே போய்விட்டது. உப்பு போகவில்லை, அங்கேயே தங்கிவிட்டது. இதனை நான் எந்தப் பாடத்திலும் அதுவரை படித்திருக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், செம்மண் பாதையில் அம்மாவின் பின்னால் நடந்தபடி, ஒரே வினாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டேன்: எங்கள் வீட்டுப் பெட்டியில் தட்டவேண்டிய பொருக்கு எங்கே?

மாலையில் இஞ்சின் ஓடத் தொடங்கியதும் வீடு நிரம்பிற்று. கற்பூரமும் மல்லிகையும் மணந்தன. பாக்கியம் பெரியம்மா தலைமையில் பாட்டு நடந்தது. கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. எல்லோரும் கண்மூடியிருந்த நேரத்தில் நான் அடுக்களையிலிருந்து ஒரு செம்பு மூடியைக் கொண்டுவந்து, குளிர்புகைக்கு நேரே பிடித்தேன். மூடி மங்கி, நனைந்து, துளிகள் கோத்தன. நாக்கில் வைத்தேன். கரித்தது. கடல்நீர் போலக் கரித்தது.

இதுதான் வேறுபாடு என்று அப்போது எனக்குச் சொற்களில் தோன்றவில்லை, உடம்பில் தோன்றிற்று. அந்தக் கலம் நீரைக் காய்ச்சி, நீரை மட்டும் அனுப்புகிறது. இந்தப் பெட்டியோ நீரைக் காய்ச்சவேயில்லை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, அதிலுள்ள அத்தனையையும் சேர்த்தே வீசுகிறது. துளி காற்றில் உலர்ந்துவிடும், உப்பு உலராது. அது பறந்துபோய்ப் படத்தில் அமரும், ரேடியோவில் அமரும். பாயில் படுத்து மூச்சிழுக்கும் பிள்ளைக்குள்ளும்...

"அம்மா, இத நாக்குல வச்சுப் பாரும்மா."

"என்னாடி, பூசை நேரத்துல?"

"டிஸ்பென்சரி ஆவி கரிக்கல ம்மா. காலையில நக்கிப் பாத்தேன். இது கரிக்குது. தம்பி இதத்தான மூச்சு வாங்குறான்?"

அம்மா என்னைப் பார்த்தாள். மூடியை வாங்கி நாக்கில் வைத்தாள். பின்பு படத்தைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாற்போல் எனக்குத் தோன்றிற்று. கடைசியில் தம்பியைப் பார்த்தாள். அவன் விலா குழிந்து மீண்டது. அம்மா எழுந்து, கும்பிட்டு நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், மின்செருகியைப் பிடுங்கினாள். பெட்டியோடு சிவப்பு விளக்கும் அணைந்தது. பாட்டு அறுந்தது.

"என்னாடி சரசு! சாமி வெளக்க அணைச்சிட்டியே!"

"சாமி இங்கதான இருக்காரு, எங்க போயிறப் போறாரு? புள்ளைக்கு மூச்சு வேணும்க்கா. கதவத் தொறங்க. சன்னலையுந் தொறங்க எல்லாரும்."

அப்பாதான் போய்த் திறந்தார். ஆற்றுக் காற்று, சேற்று மணத்தோடு உள்ளே வந்தது. அம்மா எல்லோரையும் பார்த்து நின்று, தலையைக் குனியாமல் சொன்னாள்: "அது உப்பு. நான் மிஷின்ல போட்ட உப்பு. திருநீறு இல்ல. மன்னிச்சுக்குங்க."

பெரியம்மாவின் குரல் எழுந்தது.

"அப்ப நேத்து நான் முட்டிவலிக்குக் கொழச்சுப் பூசுனது?"

"உப்புதான்க்கா."

"அதான் அப்பிடி எரிஞ்சிச்சா!" என்றவர், சற்று யோசித்து, "ஆனா வலி கொறஞ்சிருக்குடி" என்றார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னலருகே நின்றாள். அவ்விருமல் ஒரே நாளில் நிற்கவில்லை. மறுநாள் கோலசிலாங்கூர் மருத்துவமனைக்குப் போய்வந்து, சன்னல் திறந்த வீட்டில் கிடந்து, சிறிது சிறிதாகத் தணிந்தது. பெட்டியை அப்பா அலமாரியின்மேல் ஏற்றிவைத்தார். பங்களாவில் அது எவ்வாறு நன்மை செய்தது என்பதைப் பின்னர் அம்மாவே யோசித்துக் கண்டுபிடித்தாள். குளிர்பதனக் கருவி இரவும் பகலும் ஓடிய அந்த அறையில் சன்னலே திறப்பதில்லை. காற்று காய்ந்து, மேலாளரின் மனைவிக்கு உதடு வெடித்திருக்கும். ஈரமில்லாத இடத்திற்கு ஈரம் ஊட்ட வந்த கருவியை, ஈரத்திலேயே மிதக்கும் லயத்திற்கு, அதுவும் உப்போடு, நாங்கள் கொண்டுவந்திருந்தோம்.

இன்று அந்த லயம் இல்லை. அவ்விடத்தில் இளஞ்செம்பனைகள் நிற்கின்றன. மருந்தகமும் மாலை இஞ்சினும் இல்லை. மணியம் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். வரிசை வீடொன்றில் குடும்பத்தோடும் அம்மாவோடும் இருக்கிறான். அவன் மகள் உறங்கும் அறையில் குளிர்பதனக் கருவி ஓடுகிறது. கொசுவுக்கும் தூசிக்கும் அஞ்சிச் சன்னலைத் திறப்பதில்லை. சென்ற மாதம் அவளுக்கு மூக்கு வறண்டு குருதி கசிந்ததால், மருந்துக்கடையில் ஓர் ஈரமூட்டி வாங்கிவந்தான். பங்களாவில் எது சரியாக இருந்ததோ, அது இப்போது எங்கள் வீட்டிலும் சரியாகிவிட்டது. ஏனெனில் காற்று புகாத அறைகளுக்கு நாங்களும் வந்துவிட்டோம்.

வடிகட்டிய நீரை அம்மாதான் ஊற்றினாள். குளிர்புகை வழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், இத்தனை ஆண்டும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் சொல்றவரைக்கும் அது உப்புன்னு ஒங்களுக்குத் தெரியவே தெரியாதாம்மா?"

"பிடி பிடியா போட்டவளே நான்தான. தெரியாம என்னா? நாக்குல வச்ச மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏம்மா..."

"மூச்சுக்குள்ள போவும்னுதான் தெரியல. அது தெரிஞ்சப்ப நிறுத்திட்டேன்ல." அம்மா பேத்தியின் போர்வையைச் சரிசெய்தாள். "ஆனா ஒன்னு. நான் தண்ணிக்கு அடியில போட்டது. யாரும் கைய வைக்கல. அது தானா ஏறி, பறந்து போயி, அவரு நெத்தியில உக்காந்திச்சு பாரு. நீ எவ்ளோ படிச்சிருக்க. அது ஆச்சரியம் இல்லேங்கிறியா?"

துளி உடைவதையும் நீர் உலர்வதையும் உப்பு எஞ்சுவதையும் என்னால் படிப்படியாக விளக்க முடியும். விளக்குவதற்காக வாயையும் திறந்தேன். அம்மா மறுமொழிக்குக் காத்திராமல், குளிர்புகைக்குள் கையை நீட்டி, விரல்களை விரித்து, அது அவற்றினூடே வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.